சக்கர் பிராப்ளம்

நகர்கிற எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ரயில் பரவாயில்லை. பஸ் கஷ்டம். நெரிசலில் நின்று நின்று போகும் ஆட்டோ அதைவிடக் கஷ்டம். டாக்சிக்காரர் வாசனைக்கு ஏதாவது தொங்கவிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு எழுத்தராக டெல்லிக்கு வந்த புதிதில், பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்குள் நுழையும் என் முகத்தைப் பார்த்ததுமே செக்‌ஷனில் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

தலை சுற்றி வாந்தி வரும் இதற்கு எங்கள் ஊரில் கெறக்கம் என்று பெயர். என் மனைவி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். நான் மாறிவிட்டேன். டெல்லி பஸ்ஸில் கெறக்கம் என்று சொன்னால் அது எந்த ஸ்டாப் என்று கண்டக்டர் கேட்பார். "சக்கர் ஆ ரஹா ஹை, பையா", தலை சுற்றுகிறது அண்ணே, என்றால் வண்டி ஓரத்தில் நிற்கும். ஒரு சொல்லுக்கு பஸ்ஸே நிற்கிறது என்றால் அந்தச் சொல்லைத்தானே வைத்துக்கொள்வோம்? அப்புறம் வீட்டிலும் சக்கர், தமிழ் பேசும்போதும் சக்கர். என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளைப் பொறுத்தவரை கெறக்கம் என்பது அம்மாவின் சொல், சக்கர் என்பது அப்பாவின் வியாதி.

பஸ் நின்றதும் நான் இறங்கிச் சாக்கடை ஓரமாகக் குனிவேன். மனைவி பின்னாலேயே இறங்கி, ஒரு உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு கை முதுகில் இருக்கும். வாந்தி எடுப்பவரின் தலையை அப்படிப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும். பிடிக்க ஓர் ஆள் இருந்தால் பாதி வேதனை குறைந்துவிடும். சரோஜினி நகர் மார்க்கெட் வாசலில், பண்டிகைக் கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும்போதுகூடப் பிடித்திருக்கிறாள். "எல்லாம் வந்துட்டா? இன்னும் இருக்கா?" என்பாள். கேட்பது அது ஒன்றுதான். திட்டு வீட்டுக்குப் போன பிறகு.

போன குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். சர்க்கரை வியாதி. மாத்திரையில் தொடங்கி ஊசிக்குப் போய், கடைசியில் சிறுநீரகத்தைத் தொட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்வேன். அவளுக்கு இந்தியில் காய்கறி வாங்க வரும், வியாதியைச் சொல்ல வராது. எத்தனை வருஷமாக, என்ன மாத்திரை, காலையில் எவ்வளவு, கால் மரத்துப்போகிறதா, எல்லாவற்றுக்கும் பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு டாக்டர், வியாதி உங்களுக்கா அவருக்கா என்றுகூடக் கேட்டார்.

அவள் போன பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்சில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். "மனுசன் கல்லு மாதிரி இருக்காரு" என்று சமையலறையில் யாரோ சொன்னது கேட்டது. கேட்டுக்கொண்டே டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போலிருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியம் முடிந்து ஆபீசுக்குப் போனேன். ஃபைல்கள் தேங்கியிருந்தன, பார்த்து முடித்தேன்.

கோடையில் ஒருநாள் மகள் போன் செய்தாள். அவள் அந்தமானுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவில் பள்ளிக்கூட டீச்சர். மருமகனுக்கும் அங்கேயே வேலை. அவளுக்கு ஏழாம் மாதம், இன்னும் மசக்கை நிற்கவில்லை.

"அப்பா, டாக்டர் ட்ராவல் பண்ணவே கூடாதுன்னுட்டாங்க. டெலிவரி இங்கேயேதான். நீங்க வர்றீங்களா?"

"நானா?"

"அம்மா இருந்தா வந்திருப்பாங்க இல்ல."

பிரசவத்துக்குத் தாய் போய் நிற்பதுதான் வழக்கம். தாய் இல்லையென்றால் பெரியம்மா, சித்தி, மாமியார் என்று யாராவது ஒரு பெண் போவாள். எங்கள் பக்கத்தில் போகக்கூடிய பெண் யாரும் இல்லை. அவள் மாமியார் கான்பூரில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். அப்பன் பிரசவத்துக்குப் போய் நான் கேள்விப்பட்டதில்லை.

"வாரேன்மா" என்றேன். அந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகுதான் கப்பல் நினைவுக்கு வந்தது.

போர்ட் பிளேர் வரைக்கும் விமானம். அங்கிருந்து அவள் தீவுக்குக் கப்பல்தான். மத்தியானம் ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரும். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் நோயாளிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் போக மிச்சம் இருந்தால்தான் என்னைப் போன்றவருக்கு. மறுநாள் அவளே மறுபடி கூப்பிட்டாள். அவளுக்கும் நினைவு வந்திருந்தது.

"அப்பா, உங்களுக்கு சக்கர் ஆகுமே. மழை சீசன்ல அந்த ஷிப் ரொம்ப ஆடும். வந்ததும் நீங்க பெட்ல விழுந்துட்டா நான் யாரைப் பார்க்கிறது?"

கிண்டலாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னாள். அவள் சொன்னது நியாயம். ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள் இருக்க முடியாது. தீவில் இறங்கும்போது நான் என் காலில் நிற்க வேண்டும். நின்றால்தான் அவள் அம்மாவுக்குப் பதிலாக வந்தவன். படுத்துவிட்டால் அவளுக்கு இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் எனக்கு விதிகள் சொல்லத் தொடங்கினாள். பல தடவை அந்தக் கடலைக் கடந்தவள். சக்கர் வந்த பிறகு மாத்திரை போட்டால் பிரயோஜனம் இல்லை, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது, உலர்ந்ததாகக் கொஞ்சம். கப்பலின் மூக்கிலும் வாலிலும் ஆட்டம் அதிகம், நடுவில் கீழ்த்தளமாக இடம் பிடிக்க வேண்டும். டீசல் வாடை வரும் பக்கம் போகக் கூடாது. படிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. முக்கியமாக, வாந்தி எடுப்பவரைப் பார்க்கக் கூடாது. நடுநடுவே "ஏக் மினிட் அப்பா" என்று போனை வைத்துவிட்டு ஓடுவாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்கும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் தினமும் வாந்தியைப் பற்றியே பேசினோம். அவள் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. பேச வேறு விஷயம் கிடைத்ததில் இருவருக்குமே ஆசுவாசம்.

"ரொம்ப ஆடினா வெளியே வந்து ஹொரைஸனைப் பாருங்க. வேற எதையும் பார்க்காதீங்க. அதையே பார்த்துட்டு இருங்க."

தொடுவானத்தைப் பார்த்துப் பழகலாம் என்று பால்கனிக்குப் போனேன். லக்ஷ்மிபாய் நகரில் தொடுவானம் கிடையாது. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன, அதற்குப் பின்னால் புதுக் கட்டடங்களுக்கான கிரேன்கள். புகைமூட்டக் காலத்தில் அவையும் இருக்காது. கொடிக்கம்பியில் என் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

காலனிப் பூங்காவில் குழந்தைகளுக்கான ஊஞ்சல் ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு உடம்பைப் பழக்கினால் நல்லது என்று எங்கேயோ கேட்டதை நம்பி, காலையில் பால் வாங்கப் போகும்போது அதில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தேன். காவலாளி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் வந்து, "அங்கிள்ஜி, டூட் ஜாயேகா" என்றார். உடைந்துவிடும் என்று அவர் சொன்னது ஊஞ்சலை. என்னை யாரும் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு ஆட்டம் ஆடிவிட்டு இறங்கினேன். லேசாகச் சுற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிதிபடகு விடும் குளத்துக்கும் போனேன். தண்ணீர் அசையவே இல்லை, பயிற்சிக்கு உதவாது என்று பார்த்ததுமே தெரிந்தது. இருந்தாலும் வந்தாயிற்றே என்று டிக்கெட் கேட்டேன். படகுக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அகேலே? மேடம் கஹாங் ஹைங்?" தனியாகவா, மேடம் எங்கே என்கிறார். ஓர் ஆள் உட்கார்ந்தால் படகு ஒரு பக்கம் சாயுமாம், இரண்டு பேருக்குக் குறைந்து விடமாட்டார்களாம். நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பாப்கார்ன் வண்டி நின்றிருந்தது. "நஹீங் ஆயி" என்றேன். வரவில்லை. மெட்ரோ ஏறி வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன்.

மாத்திரையையும் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வரும், வாய் வறளும், எதிலும் ஒட்டாமல் இருக்கும், பயப்படாதீர்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முன்பு கரோல் பாக் பக்கத்தில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போய் பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், கூடவே இஞ்சி முரப்பா ஒரு பெரிய பாக்கெட் வாங்கினேன். குமட்டலுக்கு இஞ்சி நல்லது என்பதும் மகளின் விதிகளில் ஒன்று. அந்தச் சர்க்கரைத் துண்டுகளை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து பல வருஷமாகியிருந்தது. வீட்டில் இனிப்பு இருந்தால் என் மனைவி எடுத்துவிடுவாள். நான் பிடுங்கிவிடுவேன். "ஒண்ணே ஒண்ணுங்க" என்று கையை நீட்டுவாள். கொடுக்க மாட்டேன். பையில் வைக்கும்போது அது நினைவுக்கு வந்தது. வந்ததே தவிர வலிக்கவில்லை. பையின் ஜிப்பை மூடினேன்.

கப்பலில் எல்லாம் விதிப்படி நடந்தது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை, இரண்டு இட்லி, நடுப்பகுதியில் கீழ்த்தளத்துப் படுக்கை. எதிர்ப் படுக்கையில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வெங்காய மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர், அதே தீவில் டீக்கடை வைத்திருக்கிறார். துறைமுகம் தாண்டும்வரை கப்பல் நல்ல பிள்ளையாகப் போனது. அதற்கப்புறம் படுக்கை மெல்ல மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. என் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

"என்னண்ணே, மொகமெல்லாம் வேர்த்துருக்கு? என்ன செய்யுது?" என்றார் அந்த அம்மாள்.

மாத்திரையில் நாக்கு தடித்துப் போயிருந்தது. "ஒண்ணுமில்லம்மா. எனக்குக் கொஞ்சம் சக்கர் பிராப்ளம் உண்டு."

"சக்கரயா? எத்தன வருசமா?"

"பதினெட்டு வருஷம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில், பழகிய நாக்கு சொல்லிவிட்டது. டெல்லி வார்த்தை அவர் காதில் வேறு வார்த்தையாக விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தபோது அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார். மாத்திரையா, ஊசியா? ரெண்டும், காலையில் ஊசி என்றேன். கால் மரத்துப் போகுமா? இடது கால் மட்டும் என்றேன். கண்? ஒரு தடவை லேசர் வைத்தோம் என்றேன். தப்பு என்று தெரிந்தேதான் சொன்னேன். அத்தனை மாதத்தில் என்னிடம் அவளைப் பற்றி யாரும் இவ்வளவு விவரமாகக் கேட்கவில்லை. எப்படிப் போனார் என்று கேட்டார்கள், அது ஒரு வரியில் முடிந்துவிடும். இந்த அம்மாள் அவளுடைய இடது காலைக் கேட்டார்.

நான் இஞ்சி முரப்பாப் பாக்கெட்டை வெளியே எடுத்ததும் அவர் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னண்ணே இது? சக்கரய வச்சுக்கிட்டுச் சக்கரயத் திங்கிறீங்க?"

பாக்கெட் அவர் பைக்குள் போய்விட்டது. கப்பல் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இஞ்சி உண்மையாகவே தேவைப்பட்டது.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. கை வேறு நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுங் கெடையாது" என்றார் அவர். நான் சொல்கிற மாதிரியே சொன்னார்.

பதிலுக்கு எலுமிச்சையை வெட்டி உப்பைத் தொட்டு நாக்கில் தடவச் சொன்னார். தோலை முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். கொஞ்சம் பொரி தந்தார். வந்த டீயில் சர்க்கரை போட்டிருந்தார்கள் என்று கப்பல் ஊழியரிடமே திருப்பி அனுப்பினார். சாயங்காலம் மேல்தளத்துக்குக் கூட்டிப் போய்க் கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார். அங்கேதான் தொடுவானத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு கோடு, அவ்வளவுதான். கப்பல் அதற்கு மேலேயும் கீழேயும் போய் வந்தது, அது மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு கீழே வந்து கண்ணை மூடி மல்லாந்து படுத்தேன். எங்கேயோ யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை.

விடிந்து தீவு தெரிந்தபோது நான் ஒரு தடவைகூட வாந்தி எடுத்திருக்கவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பெருமை வரவில்லை. தலை சீவி, சட்டை மாற்றி, லேகிய டப்பா உடையவில்லையா என்று பார்த்துக்கொண்டு இறங்கத் தயாரானேன்.

படகுத்துறையில் மகள் குடை பிடித்து நின்றிருந்தாள். வயிறு பெரிதாக, முகம் ஒட்டிப்போய், அவள் அம்மாவின் பழைய காட்டன் புடவையைக் கட்டியிருந்தாள். நான் நேராக நடந்தேன். நாலு அடி வைத்ததும் தரை மெல்ல மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. கப்பல் கால்களுக்குள்ளேயே இருந்தது. இதைப் பற்றி அவள் விதி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எதிரிலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பதுதான் முக்கியம்.

அதற்குள் டீக்கடை அம்மாள் அவளிடம் போய்விட்டார்.

"டீச்சரம்மா, ஒங்க அப்பாவா? பதினெட்டு வருசமாச் சக்கரயாம், ஊசி போடுறாராம். வழி பூரா நான் ஒரு ஊசியும் பாக்கல. இந்தாங்க, இனிப்பு பாக்கெட்டு. அவரு கண்ணுல காட்டாதீங்க."

மகளின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். குடை சாய்ந்தது.

"அப்பா?" என்றாள். "உங்களுக்குமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது பதில் இல்லை. கம்பத்தின் பக்கமாகக் குனிந்தேன். எலுமிச்சை, பொரி, இட்லி, ராத்திரி முழுக்கக் கண்ணை மூடி அடக்கி வைத்த எல்லாம் கெட்டித் தரையில் வந்தது. "சக்கர கொறஞ்சிருச்சு, வாயில இனிப்ப வைங்க, இனிப்ப வைங்க" என்று அந்த அம்மாள் கத்துவது கேட்டது. அப்போது ஓர் உள்ளங்கை என் நெற்றியில் விழுந்து அழுத்திப் பிடித்தது. இன்னொரு கை முதுகுக்கு வந்தது. அவளுடைய வயிறு என் தோளில் இடித்தது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாந்தி எடுத்தால் யாருக்கும் கொட்டும். அது நிற்கவில்லை, அதுதான்.

"எனக்கில்லம்மா" என்றேன், மூச்சு வந்ததும். "எனக்கு சக்கர்தான். சக்கரை அம்மாவோடது. டீக்கடைக்காரங்க கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

அவள் என் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நடுவில் ஒரு இந்தி வார்த்தை விழுந்துவிடும் அவளுக்கு. இப்போது ஒன்றும் விழவில்லை.

"எல்லாம் வந்துட்டா? இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.